அந்த வீட்டுக்கு இன்னும் சொல்லேல்லை

அவர் செத்துப்போன செய்தியைக்கூட எனக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் சொன்னார்கள். போன மாதம் கனடாவிலிருந்து அவருடைய மகள் போன் எடுத்தாள். "அக்கா, ஒரு கதை சொல்லப்போறன். நல்ல கதை இல்லை. முதல்லை கதிரையிலை இருங்கோ. நீங்கள் இருந்த பிறகுதான் சொல்ல வேணுமெண்டு அப்பா சொல்லிவிட்டவர்" என்றாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். இருந்துவிட்டேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் சொல்லவேண்டியது ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. ஆனாலும் சொன்னாள், நானும் கேட்டேன். பிறகு நான் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் ஏன் அப்படிக் கேட்டேன் என்று உங்களுக்கு விளங்காது.

அவர் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தவர். கப்பலிலிருந்து கிரேன் சாமான் இறக்கும்போது கீழே நின்று விசில் ஊதி, கையைக் காட்டி, தலைக்கு மேலே வருகிறது விலத்துங்கள் என்று சத்தம் போடுகிற வேலை. அந்தப் பழக்கம்தான் வீடுவரைக்கும் வந்துவிட்டது என்று எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், எல்லாரும் சொல்வார்கள். அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். துறைமுகத்து வேலை கிடைப்பதற்கு முன்னமே கலியாணம் நடந்துவிட்டதாம். கெட்டிமேளம் தொடங்கிவிட்டது, எல்லாரும் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், இவர் தாலியைப் பிடித்தபடி குனிந்து அக்காவின் காதுக்குள், "இப்ப கட்டப்போறன்" என்றாராம். "பின்னை நான் மணவறையிலை என்னத்துக்கு வந்து குந்திக்கொண்டிருக்கிறன் எண்டு நினைச்சவரோ தெரியாது" என்று அக்கா சொல்லும்போதெல்லாம் சிரிப்பார், அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அவர் அப்படித்தான். எதையும் சொல்லாமல் செய்யமாட்டார். தும்மல் வந்தால் கையை உயர்த்தி, தும்மப்போகிறேன் என்று அறிவித்துவிட்டுத்தான் தும்முவார், பாதி நாளும் அதற்குள் தும்மல் போய்விடும். யார் வீட்டுக்குப் போனாலும் ஒழுங்கை முடக்கிலேயே சைக்கிள் மணியை அடித்து, நான்தான் வருகிறேன் என்பார். தீபாவளிக்கு முதல்நாள் வீடு வீடாகப் போய், பொடியன்கள் வெடி வாங்கியிருக்கிறார்கள், விடியக் காலமை கொளுத்துவார்கள், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவார். அவர் சொன்னதால் முதல் வெடி கேட்கும்போது நாங்கள் எல்லாரும் கண்விழித்துக் காத்துக்கொண்டிருப்போம். அக்காவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நாங்கள் இரகசியமாகக் கேக் ஓடர் பண்ணினோம். பின்னேரம் கேக்கோடு போனால் அக்கா சீலை மாற்றி, பொட்டு வைத்து, எங்களுக்குத் தேத்தண்ணீரும் போட்டு வைத்திருக்கிறார். யார் சொன்னது என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மனுசி திடுக்கிட்டால் என்ன செய்வது என்று அவர் எங்களையே திருப்பிக் கேட்டார்.

ஒருமுறை எனக்கு அவர்மேல் நல்ல கோபம் வந்தது. என்னைப் பெண் பார்க்க ஒரு பகுதியினர் வந்து போயிருந்தார்கள். அடுத்த நாள் காலையில் இவர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்தார். ஒரு கதை சொல்லப்போகிறேன் என்று தொடங்கினார். தரகர் பின்னேரம் வருவார், அவர்களுக்குச் சரிவரவில்லையாம், சந்தையில் கேள்விப்பட்டேன் என்றார். உங்களிடம் யார் கேட்டது என்று முகத்திலடித்தாற்போல் கேட்டுவிட்டேன். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பின்னேரம் தரகர் வந்து மென்று விழுங்கிக்கொண்டு இருந்தபோது, நான் அவருக்குச் சிந்தாமல் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, பரவாயில்லை என்றேன். நான் அழவேண்டியதைக் காலையிலேயே குசினிக்குள் அழுது முடித்திருந்தேன்.

நான் கட்டைபறிச்சானில் பிறந்தவள். யுத்தம் எங்கள் பக்கம் வந்தபோது பொம்மர்கள் வந்து போனதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. சத்தம் கேட்டுப் பங்கருக்குள் இறங்குவதற்கு முன்னமே குண்டு விழுந்துவிடும் என்பதை மட்டும் சொல்கிறேன். அதன் பிறகு, எந்த விமானச் சத்தம் கேட்டாலும் என்னால் நிமிர்ந்து பார்க்க ஏலாது. உடம்பு தானாகக் கீழே போய்விடும். யுத்தம் முடிந்து, நகரத்துக்கு வந்து, துறைமுகத்துக்குக் கிட்ட வீடு எடுத்து, முன்னறையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையும் போட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த பிறகும் இது மட்டும் போகவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் சீனன்குடாவில் விமானத் தளம் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வாடகை குறைவாக இருந்தது.

கடை போட்ட புதிதில் ஒருநாள் இவர் அடையாள அட்டை ஒன்றைக் கொப்பி எடுக்க வந்தார். மெஷினின் மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், பயிற்சி விமானம் ஒன்று கூரையை உரசுவதுபோல் போனது. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் மேசைக்குக் கீழே இருக்கிறேன், அவருடைய அடையாள அட்டை என் கைக்குள் மடங்கிக் கிடக்கிறது. வெட்கத்தில் செத்துவிடலாம்போல இருந்தது. அவர் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவா என்று யாரையும் கூப்பிடவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் தானும் தரையில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு, "போயிட்டுது தங்கச்சி. இனி ஒருக்கா திரும்பி வரும். பிறகு வராது" என்றார். அது ஒருதரம் திரும்பி வந்தது. பிறகு வரவில்லை.

அன்றைக்கு என் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். துறைமுகத்தில் அவர் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் விமானம் ஓடி எழும்புவது தெரியும். தெரிந்தவுடன் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் வரும். ஒரு தரம் அடித்து நின்றால் ஒன்று வருகிறது, இரண்டு தரம் என்றால் இரண்டு. நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பேன். வேர்க்கும், ஆனால் நிற்பேன். கப்பலுக்கும் கிரேனுக்கும் நடுவில் நின்றுகொண்டு இந்த மனிதர் எப்படி இதைச் செய்தாரோ எனக்குத் தெரியாது. பென்சன் எடுக்கும்வரை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

பென்சன் எடுத்த பிறகு ஒருநாள் கடைக்கு வந்து, வழக்கம்போல, ஒரு படம் காட்டப்போகிறேன், அது விமானப் படம், காட்டட்டுமா என்று கேட்டார். காட்டுங்கள் என்றேன். சட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்து விரித்தார். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு இறக்கை வைத்த பழைய காலத்து விமானம். ரிமோட்டில் பறக்கிற மாதிரி ஒன்று செய்யப்போகிறாராம். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, துண்டு துண்டாகக் கொப்பி எடுத்து ஒட்டித் தரவேண்டும். விமானம் என்றால் அவருக்கு விருப்பம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சின்னனிலை நல்ல விருப்பம் தங்கச்சி. பிறகு எங்கடை ஆக்களுக்கு முன்னாலை அதை விருப்பம் எண்டு சொல்ல ஏலாமப் போயிட்டுது" என்றார்.

எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்கிற மனிதர் இதை மட்டும் எத்தனையோ வருடம் வாய்க்குள் வைத்திருந்திருக்கிறார். ஏன் இரண்டு இறக்கை என்று கேட்டேன். இரண்டு இருந்தால் மெதுவாகப் பறக்கும், மெதுவாகப் பறந்தால்தான் அடுத்தது என்ன செய்யும் என்று சொல்லலாம் என்றார். அந்த இறக்கைகளை நேருக்கு நேர் பார்த்துத்தான் ஒட்டவேண்டியிருந்தது. ஆனாலும் ஒட்டினேன்.

மகள் கனடாவிலிருந்து பல்சா மரத் தகடுகளை அனுப்பினாள். கையில் வாங்கினால் மரம் என்று நம்பமாட்டீர்கள், அப்பளக் கட்டுபோல இருக்கும். வரைபடத்தைப் பலகையில் விரித்து, அதற்கு மேல் பொலித்தீன் போட்டு, பிளேட்டால் வெட்டிய துண்டுகளைக் குண்டூசியால் குத்தி, பசை வைத்து ஒட்டுவார். யூடியூப்பில் யாரோ வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். எங்கள் கடற்காற்றின் ஈரத்தில் முதலில் செய்த மேல் இறக்கை வாழைமடல்மாதிரி முறுகிப்போனது. அதை எறிந்துவிட்டு இன்னொன்று செய்தார். இறக்கைக்குப் போர்த்துகிற மெல்லிய தாளைச் சூடு காட்டி ஒட்டவேண்டும் என்பதால் அக்காவின் இஸ்திரிப்பெட்டி அவர் பக்கம் போய்விட்டது. அது திரும்பி வந்த நாளில் அக்காவின் கோயில் சீலையில் மஞ்சள் தாள் ஒன்று முக்கோணமாக ஒட்டிக்கொண்டது. அக்கா இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அக்காவும் அவரைப்போலவே, பேசப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேசினாராம்.

அந்தத் தாள் கண்ணாடிபோல வெளிச்சம் ஊடுருவும் சாதி. உள்ளே இருக்கிற விலா எலும்பெல்லாம் வெளியே தெரியும். கெட்டித் தாளில் போர்த்தினால் இன்னும் வடிவாக இருக்குமே என்று நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "கீழை நிண்டு பாக்கிற சனத்துக்கு உள்ளுக்கை ஒண்டும் இல்லை எண்டு தெரிய வேணும்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, அக்காவுக்கு உதவி செய்வதுபோல் குசினிக்குள் போய்விட்டேன்.

துறைமுகத்துக்குக் கிட்ட அதைப் பறக்கவிட முடியாது. அவர் பொலிசுக்குச் சொன்னார், கிராம சேவகருக்குச் சொன்னார், சந்திக் காவலில் நிற்கிறவருக்கும் போய்ச் சொன்னார். எல்லாரும் நல்ல மரியாதையாக, தூரமாக எங்கேயாவது போய் விடுங்கள் என்றார்கள். அப்போது நான்தான், எங்கள் ஊரில் மாமாவின் வயல் சும்மா கிடக்கிறது, அங்கே போகலாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பொம்மர் வந்த அதே வானத்துக்குக் கீழே அதைப் பறக்கவிட ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறேனே என்று இரவு முழுக்க நினைத்தேன். இது எனக்கு ஏலுமா ஏலாதா என்று ஒருதரம் பார்த்துவிட வேண்டும்போலவும் இருந்தது. சொன்னதை நான் மாற்றவில்லை. அந்த ஊர்ப் பொலிசுக்கும் அவர் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

விடியவே ஒரு வான் வண்டி பிடித்துப் போனோம். வேளாண்மை வெட்டி முடிந்து மாடு மேய்கிற வெட்டை வயல், ஒரு இலை அசையவில்லை. இப்படியான காலையை எங்கள் பக்கம் நம்பி இருக்கக்கூடாது. வெயில் ஏறினால் கச்சான் எழும்பிவிடும். மேற்கிலிருந்து வருகிற அந்தச் சூட்டுக்காற்று ஓலைக் கூரையையே உரித்துக்கொண்டு போகும். நான் அங்கே வளர்ந்தவள், எனக்குத் தெரியும். கெதியாக ஏற்றுங்கள் அண்ணை என்றேன்.

அவர் விமானத்தை வான் வண்டிக்குள் வைத்துவிட்டுச் சுற்றியிருந்த வீடுகளுக்குச் சொல்லப் போனார்.

வெட்டையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து வீடுகள் இருக்கும். ஒவ்வொரு படலையிலும் நின்று, இன்றைக்கு இந்த வயலுக்கு மேல் ஒரு சின்ன விமானம் பறக்கும், விளையாட்டுச் சாமான், தும்பிபோலச் சத்தம் வரும், பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள் என்றார். சில வீடுகளில் கதிரை போட்டு இருத்தினார்கள். ஒரு வீட்டில் தேத்தண்ணீர் குடிக்காமல் விடவில்லை. மாடு மேய்க்கிறவரைத் தேடிப்போய்ச் சொன்னார். நான் பின்னால் நடந்துகொண்டே வானத்தைப் பார்க்காமல் மரங்களைப் பார்த்தேன். பனையோலை அசையத் தொடங்கிவிட்டது.

"அண்ணை, காத்து எழும்புது. சொன்னது காணும், வாங்கோ."

அவர் வயலின் மறுகரையைக் காட்டினார். அங்கே பாலை மரத்துக்குப் பின்னால் ஒரு தனி வீடு. புகை வந்துகொண்டிருந்தது.

"அந்த வீட்டுக்கு இன்னும் சொல்லேல்லை, தங்கச்சி" என்றார்.

என்னுடைய வீடும் ஒரு காலத்தில் அப்படி ஒரு கரையில்தான் இருந்தது. போங்கள் என்றேன். அவர் வெயிலில் வரம்பு வரம்பாக நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தபோது ஓலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோமா என்று அக்கா கேட்டார். இத்தனை பேருக்கும் சொல்லிவிட்டோமே, பார்த்துக்கொண்டு நிற்பார்களே என்றார் அவர். எனக்குத் தெரிந்து அந்த மனிதர் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான்.

வண்டிப் பாதையில் அதை வைத்தார். ரிமோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய குரல் மட்டும் கேட்டது. இப்போது சத்தம் வரும் என்றார், வந்தது. இப்போது ஓடும், இப்போது எழும்பும் என்றார். இனி இடப்பக்கம் திரும்பும் என்றார், சத்தம் இடப்பக்கம் போனது. எல்லாம் அவர் சொன்ன பிறகுதான் நடந்தது.

"இப்ப எங்கடை தலைக்கு மேலாலை வரும். பாக்கிறதெண்டால் பாருங்கோ. குனியிறதெண்டாலும் குனியுங்கோ, பிழையில்லை."

நான் பார்த்தேன். மஞ்சள் வயிறும் சிவப்பு வாலுமாக அது மெதுவாக வந்தது. வெயில் அதற்குள்ளால் விழுந்தது. ஒவ்வொரு விலா எலும்பும் தெரிந்தது. உள்ளே ஒரு சின்ன பற்றரியும் வயரும் தவிர ஒன்றும் இல்லை. அவ்வளவு வடிவான ஒரு சாமானை நான் வானத்தில் கண்டதில்லை. நான் குனியவில்லை. கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தேன்.

மூன்றாவது சுற்றில் கச்சான் அடித்தது. விமானம் ஒரு பக்கமாகச் சரிந்தது. அவருடைய பெருவிரல்கள் ரிமோட்டில் அவசரமாக அசைந்தன. அது கேட்கவில்லை. அவருடைய வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அவரைத் தெரிந்த காலத்தில் அப்படி ஒரு மௌனத்தை நான் கேட்டதில்லை. அடுத்தது என்ன என்று அவருக்கே தெரியவில்லை, முகம் அப்படியே வெளிறிப் போயிருந்தது. எனக்குத் தெரிந்தது. நான்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேனே.

"அண்ணை, விழப்போகுது" என்றேன். "அந்த வரம்பிலைதான் விழும். சத்தம் கேக்கும். பயப்பிடாதேங்கோ."

அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நான் சொன்ன வரம்பில்தான் விழுந்தது. சத்தம் பெரிதாக இருக்கவில்லை, கொள்ளித்தடி முறிகிற அளவுதான்.

வீடுகளிலிருந்து சனம் வந்தது. ஒருவரும் ஓடி ஒளியவில்லை, வெளியே நின்று எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பாலை மரத்தடி வீட்டுப் பெண்தான் கடைசியாக, இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். முறிந்த இறக்கையைப் பார்த்துக் கவலைப்பட்டாள். பிறகு அவரைப் பார்த்து, "நீங்கள் வந்து சொல்லாட்டி நான் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பன் ஐயா" என்றாள். அவர் அவளுக்குத் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு, காற்றுக்கு முன்னமே ஏற்றியிருக்கலாமே என்று நாங்கள் யாரும் கதைக்கவில்லை.

திரும்பி வரும்போது முறிந்த மேல் இறக்கையை மடியில் வைத்துக்கொண்டு வான் வண்டியில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். மூதூர் தாண்டும்வரை அதன் முறிந்த விலாக்களைத் தடவிக்கொண்டு வந்தார். பிறகு, ஒரு கதை சொல்லப்போகிறேன் என்றார். சொல்லுங்கள் என்றேன்.

"நீங்கள் சொன்னபடியாலைதான் நான் கண்ணை மூடினனான். எனக்கு இவ்வளவு காலமும் ஒருத்தரும் ஒண்டும் முன்னுக்குச் சொன்னதில்லை, தங்கச்சி. சொன்னால் எப்பிடி இருக்கும் எண்டு இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும்."

அவருக்கு வாழ்க்கையில் சொல்லாமல் வந்தது என்ன என்று நான் கேட்கவில்லை. அக்கா முன் சீட்டில் இருந்தபடி திரும்பிப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அக்காவுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு வருடத்தில் அவர்கள் மகளிடம் போய்விட்டார்கள். போகப்போகிறோம் என்று ஒழுங்கை முழுவதும் ஆறு மாதமாகச் சொல்லி, எங்களைச் சலிக்கவைத்துவிட்டுத்தான் போனார். அங்கே போன பிறகும், இங்கே விமானம் எழும்புவதைப் பார்க்க ஆளில்லையே என்று போனில் கவலைப்படுவார். நானே பார்த்துக்கொள்கிறேன் அண்ணை என்பேன். அது பொய்யில்லை. அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது, ஆனால் வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்க்கிறேன்.

மகள் போனில் எல்லாம் சொல்லி முடித்தாள். நோயைக் கண்டுபிடித்தது, ஆஸ்பத்திரி, கடைசிக் கிழமை எல்லாம் சொன்னாள். நான் கேட்டது இதுதான்.

"அப்பாவுக்கு ஆராவது முன்னுக்குச் சொன்னவையோ, பிள்ளை?"

"ஓம் அக்கா. டொக்டர் எங்களிட்டைச் சொன்ன உடனை நான்தான் போய்ச் சொன்னனான். ஒரு கதை சொல்லப்போறன் அப்பா எண்டுதான் தொடங்கினனான். கேட்டிட்டு, நல்லது பிள்ளை எண்டவர்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நான் அழுதேன்.